நரம்புக் காட்டை வரைந்தவர்

நுழையும் முன்

தோலில் கீறல் விழுந்தால் ஆறிவிடுகிறது. எலும்பு முறிந்தால் மீண்டும் கூடுகிறது. ஆனால், மூளைக்குள் ஓர் அணு இறந்துவிட்டால் அதற்கு ஈடாகப் புதிய அணு தோன்றுமா? முதுமையடைந்த மூளை மீண்டும் துளிர்க்குமா? இவ்வினாவுக்குக் கடுமையான விடை ஒன்றைக் கூறி, அவ்விடையை மாற்றும் பொறுப்பையும் பின்வருவோரிடம் ஒப்படைத்துச் சென்ற அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊர் மாறிய சிறுவன்

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், மலைகளுக்கு நடுவே பெட்டில்யா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1852ஆம் ஆண்டு மே முதல் நாள் சந்தியாகோ ரமோன் இ கஹால் பிறந்தார். ஸ்பானியர் வழக்கப்படி ரமோன் என்பது தந்தைவழிப் பெயர். கஹால் என்பது தாய்வழிப் பெயர். உலகம் அவரைத் தாய்வழிப் பெயராலேயே அறிந்துகொண்டது.

தந்தையார் ஹுஸ்தோ ரமோன் வறிய குடும்பத்தில் பிறந்து, தம் உழைப்பால் படித்து மருத்துவரானவர். பணியின் பொருட்டு அவர் ஊர்விட்டு ஊர் சென்றார். குடும்பமும் உடன் சென்றது. ஓரிடத்தில் நண்பர்கள் அமைந்ததும் வேறோர் ஊருக்குப் புறப்பட வேண்டியிருக்கும். அயெர்பே என்னும் ஊருக்குச் சென்றபோது, அங்கிருந்த சிறுவர்கள் கஹாலின் உடையையும் பேச்சையும் கண்டு எள்ளி நகையாடினர். வெளியூரான் என்னும் பெயர் அவரைச் சில காலம் தொடர்ந்தது.

சிறுவன் கஹாலுக்கு ஓவியம் வரைவதில் அடங்காத ஆர்வம் இருந்தது. கையில் கிடைத்த தாளிலும் வெள்ளையடித்த சுவரிலும் அவர் வரைந்தார். தந்தைக்கோ இது வீண்வேலையாகத் தோன்றியது. ஒருமுறை, தேவாலயச் சுவருக்கு வண்ணம் பூச வந்த ஒருவரிடம் மகன் வரைந்த படத்தைக் காட்டி அவர் கருத்துக் கேட்டார். இவனுக்கு ஓவியம் வராது என்று அந்தத் தொழிலாளி தீர்ப்பளித்தார். அன்றோடு வீட்டில் வண்ணப்பெட்டிக்கு இடமில்லாமல் போயிற்று. ஆயினும் கஹால் மறைவாக வரைந்துகொண்டே இருந்தார்.

குறும்பிலும் அவர் குறைந்தவர் அல்லர். பதினொரு வயதில் மரக்கட்டையைக் குடைந்து பீரங்கி ஒன்று செய்து, அண்டை வீட்டாரின் தோட்டக் கதவின்மீது சுட்டுப் பார்த்தார். கதவு உடைந்தது. சிறுவன் சில நாள் சிறையில் இருக்க நேர்ந்தது. பள்ளியிலும் மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர்களோடு அவர் ஒத்துப்போகவில்லை. வெறுத்துப்போன தந்தை, மகனை முடிதிருத்துபவரிடமும் பின்னர்க் காலணி செய்பவரிடமும் தொழில் பழக அனுப்பினார். காலணி செய்யும் வேலையில் அவருடைய கைத்திறன் நன்கு வெளிப்பட்டது.

இடுகாட்டில் கிடைத்த பாடம்

தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த பிணக்கைத் தீர்த்தவை எலும்புகள். 1868ஆம் ஆண்டு, கஹாலுக்குப் பதினாறு வயது நடந்தபோது, உடற்கூறு கற்பிக்க விரும்பிய தந்தை அவரை இடுகாட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கேட்பாரற்றுக் கிடந்த எலும்புகளை இருவரும் திரட்டி வந்தனர். ஒவ்வோர் எலும்பின் மேடும் பள்ளமும் துளையும் எதற்காக அமைந்தன என்று தந்தை விளக்கினார். மகன் அவற்றை வரைந்தார்.

வரைந்த படங்களைக் கண்ட தந்தை வியந்தார். எந்தக் கலையைப் பயனற்றது என்று தடுத்தாரோ, அதே கலை உடற்கூற்றைக் கற்க உற்ற துணையாக நிற்பதை உணர்ந்தார். மகனும் ஓர் உண்மையை உணர்ந்தார்: ஒரு பொருளை வரைய முயலும்போதுதான் கண் அதனை முழுமையாகப் பார்க்கிறது. ஓவியமும் மருத்துவமும் அவ்விடத்தில் ஒன்றாயின. கஹால் சரகோசா நகரில் மருத்துவம் பயின்று 1873இல் பட்டம் பெற்றார்.

நோயும் நுண்ணோக்கியும்

பட்டம் பெற்றதும் அவர் படை மருத்துவராகச் சேர்க்கப்பட்டு, 1874இல் அப்போது ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்டிருந்த கியூபாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். சதுப்பு நிலங்களின் நடுவே அமைந்த மருத்துவ முகாமில் படைவீரர்களைக் காத்த அவரையே மலேரியாக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. 1875இல் உடல் மெலிந்து நாடு திரும்பினார். கியூபாவில் ஈட்டிய ஊதியத்தில் மிஞ்சியதைக்கொண்டு நுண்ணோக்கி ஒன்றை வாங்கினார். வீட்டிலேயே சிறிய ஆய்வகம் அமைத்தார். 1879இல் சில்வேரியா என்னும் பெண்ணை மணந்தார். வருவாய் குறைவு, குழந்தைகள் எழுவர். எனினும் கணவரின் ஆய்வுக்குச் செலவாகும் பணத்தைச் சில்வேரியா ஒருபோதும் குறை கூறவில்லை என்று கஹாலே பின்னாளில் நன்றியோடு குறித்துள்ளார்.

பின்னர் வாலென்சியா நகரில் உடற்கூறுப் பேராசிரியரானார். 1885இல் அந்நகரில் வாந்திபேதி கொள்ளைநோயாகப் பரவியது. கஹால் தம் பிற ஆய்வுகளை ஒதுக்கி வைத்துவிட்டு அந்நோயை ஆராய்ந்தார். அவருடைய உழைப்பைப் பாராட்டிச் சரகோசா மாகாண ஆட்சியினர் ஜெர்மனியில் செய்யப்பட்ட சிறந்த ட்ஸைஸ் நுண்ணோக்கி ஒன்றைப் பரிசளித்தனர். பெரிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களுக்கு ஈடான கருவி முதன்முதலாக அவர் கைக்கு வந்தது.

மஞ்சள் வெளியில் கருமரங்கள்

அக்காலத்தில் மூளையை ஆராய்வது அடர்ந்த காட்டுக்குள் வழி தேடுவதை ஒத்திருந்தது. நரம்பணுக்களின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தமையால், எந்தக் கிளை எந்த அணுவைச் சேர்ந்தது என்று எவராலும் சொல்ல இயலவில்லை. மூளை முழுவதும் அறுபடாத ஒரே வலை என்று அறிஞர் பலர் நம்பினர்.

இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்ஜி 1873இல் புதிய வழி ஒன்றைக் கண்டிருந்தார். மூளைத் துண்டை முதலில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலிலும் பின்னர் வெள்ளி நைட்ரேட் கரைசலிலும் ஊறவைத்தால், சில அணுக்கள் மட்டும் கிளை நுனி வரை கருமை அடைகின்றன. எஞ்சியவை நிறமற்று நிற்கின்றன. உயிரணுவில் உள்ள கோல்கை உறுப்பு இவர் பெயரால் அமைந்ததே. 1887இல் மாட்ரிட் நகரத்து மருத்துவர் லூயிஸ் சிமார்ரோ, இம்முறையில் நிறமேற்றிய மூளைச் சீவலைக் கஹாலுக்குக் காட்டினார். மஞ்சள் ஒளியில் கருநிற மரங்கள் நிற்பதுபோல் நரம்பணுக்கள் தெரிந்தன. கஹாலின் வாழ்க்கை அக்கணத்தில் திசை மாறியது.

அதே ஆண்டு பார்சிலோனாவில் பேராசிரியரான அவர், கோல்ஜியின் முறையைத் திருத்தினார். கரைசல்களில் இருமுறை ஊறவைத்தார். வளர்ந்த மூளை அடர்ந்த காடு என்றால், கருவின் மூளை இளங்கன்றுகள் நிற்கும் நாற்றங்கால் அன்றோ? ஆகவே பறவைகளின் கருவையும் இளம் உயிர்களின் மூளையையும் எடுத்துக்கொண்டார். அங்கே ஒவ்வோர் அணுவும் தனித்து நின்றது. ஓர் அணுவின் இழை மற்றோர் அணுவை நெருங்கிச் சென்று தொடுகிறதே ஒழிய அதனோடு கலப்பதில்லை என்பதை 1888இல் வெளியிட்டார். மூளை ஒரே வலை அன்று. தனித்தனி அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் கூட்டம் என்பது அவருடைய முடிவு.

கேட்பார் இல்லாத மொழி

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? உலகம் அறிய வேண்டுமே! கஹால் தம் கைப்பொருளைச் செலவிட்டு 1888இல் ஓர் இதழைத் தொடங்கி, அதனை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஆனால் அவ்விதழ் ஸ்பானிய மொழியில் இருந்தது. அறிவியல் உலகம் அன்று ஜெர்மானிய மொழியையும் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையுமே பெரிதும் படித்தது. இதழைப் பெற்றோர் பலர் பிரித்தும் பார்க்கவில்லை.

1889 அக்டோபரில் பெர்லின் நகரில் உடற்கூற்று அறிஞர்களின் மாநாடு நடைபெற்றது. கஹால் தம் நுண்ணோக்கியையும் கண்ணாடிச் சீவல்களையும் எடுத்துக்கொண்டு சொந்தச் செலவில் அங்குச் சென்றார். பிரெஞ்சு மொழியில் தட்டுத் தடுமாறிப் பேசினார். முதுபெரும் அறிஞர் ஆல்பெர்ட் ஃபான் கோலிக்கர் நுண்ணோக்கியில் கண் பதித்துப் பார்த்தார். பேச்சால் விளங்காதது பார்வையால் விளங்கியது. அன்று முதல் கோலிக்கர் கஹாலின் ஆதரவாளரானார். எழுபது வயதைத் தாண்டிய அவர், கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காகவே ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார்.

1906ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் வழியைக் கண்டவர். மற்றவர் அவ்வழியில் சென்று காட்டைக் கண்டவர். விருது மேடையிலும் கோல்ஜி, மூளை ஒரே வலை என்னும் தம் பழைய கருத்தையே வலியுறுத்தினார். கஹாலோ தம் உரையில் கோல்ஜியின் பணியை மதிப்போடு குறிப்பிட்டுவிட்டு, தாம் கண்ட சான்றுகளை வரிசைப்படுத்தினார். கருத்தில் வேறுபட்டபோதும் அவர் மரியாதையில் குறை வைக்கவில்லை.

வழி அறியும் நுனி

இளங்கருக்களை ஆராய்ந்தபோது, 1890இல் கஹால் மற்றொரு புதுமையைக் கண்டார். வளரும் நரம்பிழையின் நுனியில் கூம்பு வடிவில் சிறிய தடிப்பு ஒன்று இருந்தது. அது தடைகளை விலக்கிக்கொண்டு முன்னேறி, தான் சேர வேண்டிய அணுவைச் சென்று சேர்ந்தது. கண்ணும் காதும் இல்லாத அந்த நுனிக்கு வழி காட்டுவது எது?

இலக்காக உள்ள அணுக்கள் ஏதோ ஒரு வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அதனை உணர்ந்தே நுனி அத்திசை நோக்கி வளர்கிறது என்று கஹால் ஊகித்தார். மலரின் மணத்தை நாடி வண்டு வருவதைப் போன்றது இது. அப்பொருளைப் பிரித்தெடுக்கும் கருவிகள் அவர் காலத்தில் இல்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், 1994இல் நெட்ரின் என்னும் வழிகாட்டும் புரதங்கள் பிரித்தெடுக்கப்பட்டபோது அவருடைய ஊகம் மெய்யாயிற்று. அணுக்கள் வேதிக் குறிப்புகளால் ஒன்றையொன்று அழைக்கவும் தடுக்கவும் செய்கின்றன என்பது இன்றைய உயிரியலின் அடிப்படைகளுள் ஒன்று.

கடுமையான தீர்ப்பு

பிற்காலத்தில் கஹால், அறுபட்ட நரம்புகள் மீண்டும் வளர்கின்றனவா என்று ஆராயத் தொடங்கினார். கையிலும் காலிலும் உள்ள நரம்பு அறுபட்டால் அது மெல்ல வளர்ந்து இணைகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இழை அறுபட்டால், முதலில் சிறு தளிர் விடுகிறது. சில நாளில் அத்தளிர் வாடிவிடுகிறது. இதனைப் பலமுறை சோதித்த பின், 1913, 1914ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பெருநூலில் தம் முடிவை எழுதினார். வளர்ச்சி முற்றுப்பெற்ற மூளையில் நரம்புப் பாதைகள் நிலைத்துவிட்டன; அங்கு அழிவு உண்டு, மறுபிறப்பு இல்லை என்பதே அம்முடிவின் சாரம். அதே இடத்தில், இயலுமாயின் இக்கடுமையான தீர்ப்பை மாற்றுவது எதிர்கால அறிவியலின் கடமை என்றும் சேர்த்து எழுதினார்.

அவ்வாறு சேர்த்து எழுதியதற்குக் காரணம் இருந்தது. அவருடைய மாணவர் பிரான்சிஸ்கோ தெய்யோ, முயலின் மூளைக்குள் காலின் நரம்புத் துண்டு ஒன்றைப் பதித்துப் பார்த்திருந்தார். வளராது என்று கருதப்பட்ட மூளையின் இழைகள் அத்துண்டை நோக்கி வளர்ந்தன. அவ்வாறாயின், குறை அணுவில் மட்டும் இல்லை. அதனைச் சூழ்ந்துள்ள இடத்தில் வளரத் தூண்டும் பொருள் இல்லாமையும் ஒரு காரணம் என்று கஹால் கருதினார். விதை நன்றாக இருந்தும் மண்ணில் சாரம் இல்லையென்றால் பயிர் எவ்வாறு முளைக்கும்?

எண்பது வயதில்

1922இல் பணி ஓய்வு பெற்ற பின்னும் கஹால் நுண்ணோக்கியை விட்டு அகலவில்லை. 1930இல் மனைவி சில்வேரியா காலமானார். கஹாலின் செவியும் கண்ணும் மங்கின, தலைவலி வாட்டியது, நினைவு தடுமாறியது. மூளை தேய்வதை வாழ்நாள் முழுதும் பிற உயிர்களிடம் கண்டவர், இப்போது அதனைத் தம்மிடமே கண்டார். அதற்காக அவர் தம் முடிவை இனிமையாக்கிக்கொள்ளவில்லை. முதியவர் ஒருவர் எண்பது வயதில் காணும் உலகத்தைப் பற்றி நூல் ஒன்று எழுதினார். அதில் முதுமையின் இழப்புகளை ஒளிவுமறைவின்றிக் கூறினார். அந்நூல் வெளிவந்த 1934ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 17ஆம் நாள், மாட்ரிட் நகரில் தம் எண்பத்திரண்டாம் வயதில் இயற்கை எய்தினார்.

தீர்ப்பு திருத்தப்பட்ட கதை

கஹாலின் தீர்ப்பை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. அதனோடு அவர் வைத்த வேண்டுகோளைப் பலரும் மறந்தனர். 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன், வளர்ந்த எலியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதற்கான சான்றுகளைக் கண்டார். 1965இல் அவரும் கோபால் தாஸ் என்பவரும் இணைந்து ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் அவ்வாறு தோன்றுவதை வெளியிட்டனர். ஹிப்போகாம்பஸ் நினைவாற்றலுக்கு இன்றியமையாத பகுதியாகும். ஆயினும் வளர்ந்த மூளையில் புதிய அணு தோன்றாது என்னும் நம்பிக்கை வேரூன்றியிருந்தமையால், பல ஆண்டுகள் அவர்களுடைய ஆய்வைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1980களில் கனேரிப் பறவைகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதை ஃபெர்னாண்டோ நோட்டபோம் மெய்ப்பித்தார். 1992இல் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து குருத்தணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. வளர்ச்சியைத் தூண்டும் புரதம் ஒன்றைச் சேர்த்ததும் அவை பெருகிப் புதிய நரம்பணுக்களை உண்டாக்கின. 1998இல் வயது முதிர்ந்த மனிதர்களின் ஹிப்போகாம்பஸிலும் புதிய நரம்பணுக்களின் அடையாளங்கள் காணப்பட்டன. மனித மூளையில் இவை எவ்வளவு தோன்றுகின்றன என்பது பற்றி அறிஞர்களிடையே இன்றும் வாதம் நடைபெறுகிறது.

முதுமையில் குருத்தணுக்களுக்கு நேர்வது என்ன? சுண்டெலிகளில் செய்த ஆய்வுகள் இதற்கு ஓரளவு விடை தருகின்றன. குருத்தணு எப்போதும் பெருகிக்கொண்டே இருப்பதில்லை. அருகில் உள்ள அணுக்கள் அனுப்பும் வேதிக் குறிப்புகளுக்கு ஏற்பவே அது விழிக்கிறது அல்லது உறங்குகிறது. விண்ட் எனப்படும் புரதக் குறிப்புகள் அதனைத் தட்டி எழுப்புகின்றன. பி.எம்.பி. எனப்படும் புரதக் குறிப்புகள் அதனை உறங்கச் செய்கின்றன. வயது ஏற ஏற எழுப்பும் குரல் தாழ்கிறது. உறங்கவைக்கும் குரல் ஓங்குகிறது. முதிய சுண்டெலியின் இரத்தத்தில் உள்ள சில பொருள்களும் குருத்தணுக்களின் வளர்ச்சியைக் குறைக்கின்றன. மாறாக, சுழல் சக்கரத்தில் நாள்தோறும் ஓடும் சுண்டெலிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் மிகுதியாகத் தோன்றுகின்றன. விதையைக் காட்டிலும் மண்ணை நோக்க வேண்டும் என்று கஹால் காட்டிய திசையிலேயே இவ்வாய்வுகள் செல்கின்றன.

கஹால் வரைந்த படங்களுள் ஏறத்தாழ மூவாயிரம் மாட்ரிட் நகரில் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றையும் உள்ளடக்கிய அவருடைய ஆவணங்களை 2017இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓவியம் வராது என்று ஒருவர் அளித்த தீர்ப்பு பொய்யாயிற்று. மூளை மீண்டும் துளிர்க்காது என்று கஹால் அளித்த தீர்ப்பும் திருத்தம் பெற்றது. முதல் தீர்ப்பைத் தம் உழைப்பால் மாற்றியவர் கஹால். இரண்டாம் தீர்ப்பைப் பிறர் மாற்றுவதற்குக் கதவைத் திறந்து வைத்தவரும் அவரே.

சொல்லும் பொருளும்

எள்ளி நகையாடுதல் – கேலி செய்து சிரித்தல்
பிணக்கு – மன வேறுபாடு
சீவல் – மெல்லியதாக அறுத்த துண்டு
நாற்றங்கால் – இளம் பயிரை வளர்க்கும் இடம்
குருத்தணு – புதிய அணுக்களைத் தோற்றுவிக்க வல்ல மூல அணு
சாரம் – சத்து, கருத்தின் உட்பொருள்
ஊகம் – சான்றுகளைக்கொண்டு உய்த்துணர்வது

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. உலகம் கஹாலை எவ்வழிப் பெயரால் அறிந்துகொண்டது?
2. கஹாலுக்கு நுண்ணோக்கி பரிசாகக் கிடைத்தது ஏன்?
3. கோலிக்கர் ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டதன் காரணம் யாது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. கருவின் மூளையைக் கஹால் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்ததை விளக்குக.
2. தெய்யோவின் சோதனை கஹாலுக்கு உணர்த்தியது என்ன?
3. முதுமையில் குருத்தணுக்களின் வளர்ச்சி குறைவது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.
பெரியோர் ஒருவரின் கருத்தை மதிப்பதும் அதனைச் சோதித்துப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையா? பாடத்தில் வரும் நிகழ்ச்சிகளைக்கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
நரம்பணு, ஒவ்வோர், நுண்ணோக்கி, இளங்கன்று, கைப்பொருள்

உ. செயல்பாடு
ஓர் இலையையோ பூவையோ பத்து நிமிடம் உற்றுநோக்கி வரைக. வரைவதற்கு முன் உம் கண்ணில் படாத மூன்று செய்திகளைப் படத்தின் கீழ்த் தமிழில் எழுதி, வீட்டில் உள்ள பெரியவர்களிடம் படித்துக் காட்டுக.